பள்ளி மாணவர்களுக்கு மெய்யியலை அறிமுகம் செய்ய எத்தகைய பாடநூலைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கணக்கு டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். வரும் கல்வியாண்டில் 14 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்கு வாரத்துக்கு ஒரு பாடவேளை மெய்யியல் (தத்துவம்) நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். விருப்பப் பாடம்தான், தேர்வு இல்லை, வகுத்துத் தந்த பாடத்திட்டமும் இல்லை. ஏதேனும் ஓர் அறிமுக நூலைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுவதும் அதையொட்டிச் செல்லலாம் என்பது மட்டுமே முடிவாகியிருக்கிறது. நான் கணிதம் கற்பிப்பவள். மெய்யியலை ஆர்வத்தால் படித்திருக்கிறேனேயன்றி முறையாகப் பயின்றதில்லை.

நூலகத்தில் கிடைத்தவற்றைப் புரட்டியதில் மூன்று வகை நூல்கள் கண்ணில் பட்டன. தேலீஸ் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை மெய்யியலாளர்களை வரிசையாக அறிமுகம் செய்பவை ஒரு வகை. ‘நமக்கு எதுவும் உறுதியாகத் தெரியுமா’, ‘மனம் என்பது மூளைதானா’, ‘நாம் சுதந்திரமாகத்தான் முடிவெடுக்கிறோமா’ என்று கேள்விகளையே அத்தியாயத் தலைப்புகளாக வைத்திருப்பவை இன்னொரு வகை. கதை சொல்லிக்கொண்டே கருத்துகளை இடையில் நுழைப்பவை மூன்றாவது வகை. ஒவ்வொன்றும் தன் முன்னுரையில் தானே தொடக்க நிலைக்கு ஏற்றது என்று சொல்லிக்கொள்கிறது. முன்னுரைகளை நம்பி முடிவெடுக்க மனம் வரவில்லை.

இந்த வயதினருக்கு எந்த வகை பொருந்தும்? மூல நூல்களின் பகுதிகளை நேரடியாகப் படிக்கவைக்கலாமா, அல்லது விளக்க நூலே போதுமா? ஒரு நூலைக் கையில் எடுத்த அரைமணி நேரத்துக்குள் அது தேறுமா தேறாதா என்று கண்டுகொள்ள வழி உண்டா? கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு விடை மிகவும் தேவை, ஏனெனில் எல்லாவற்றையும் முழுமையாகப் படித்துப் பார்க்க நேரம் இல்லை.

மறுமொழி: ஏரணப்பித்தன்

வணக்கம், டீச்சர். வகையை முதலில் தீர்மானித்துவிட்டு நூலைத் தேடாதீர்கள். எந்த வகை நூலானாலும் அதிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்து, அதற்குள் வாதம் நடக்கிறதா, தகவல் மட்டும் அடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அரைமணி நேரத்துக்கு இதுவே போதும்.

டேக்கார்ட் இல்லாத அறிமுக நூல் அரிது என்பதால் அவரைப் பற்றிய பக்கங்களையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூல் இப்படி எழுதும்: அவர் 1596இல் பிரான்சில் பிறந்தார், பெரும் கணித அறிஞர், நவீன மெய்யியலின் தந்தை எனப்படுகிறார், ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்றார், 1650இல் இறந்தார். அத்தியாயத்தின் முடிவில் ‘நவீன மெய்யியலின் தந்தை யார்?’ என்று ஒரு வினாவும் இருக்கும். இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு பெயரும் ஒரு வாக்கியமும் மிஞ்சும். அந்த வாக்கியம் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது கடைசிவரை தெரியாது.

நல்ல நூல் வேறு இடத்தில் தொடங்கும். கனவு காணும்போது காண்பவை எல்லாம் மெய்யாகவே தோன்றுகின்றன. அப்படியானால் இப்போது நீங்கள் கண்டுகொண்டிருப்பது கனவன்று என்பதற்கு என்ன அடையாளம் காட்டுவீர்கள் என்று கேட்கும். கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே என்று கூர்மையான மாணவர் ஒருவர் மறுப்பார். டேக்கார்ட்டே அந்த மறுப்பை எழுப்புகிறார் என்று நூல் காட்டும். பிறகு, கூட்டல் கணக்கில்கூட நம்மை ஏமாற்றிவிடும் வல்லமை கொண்ட ஒரு தீய சக்தி இருப்பதாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஐயத்தை இன்னும் ஒரு படி மேலே ஏற்றும். ஏமாற்றப்படுவதற்காவது நான் இருந்தாக வேண்டுமே என்ற முடிவு அந்த இடத்தில்தான் வருகிறது. வரும்போது மாணவருக்கு அது மேற்கோளாகத் தோன்றாது. தானே நடந்து வந்து சேர்ந்த இடமாகத் தோன்றும்.

அதோடு நின்றுவிடும் நூலும் பாதி நூல்தான். ‘நான் நடக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று சொன்னால் ஆகாதா என்ற பொருள்பட மெய்யியலாளர் கசாந்தி டேக்கார்ட்டின் காலத்திலேயே கேட்டார். நடப்பதாகக் கனவு கண்டிருக்கலாம், ஆனால் நடப்பதாக நினைக்கிறேன் என்பதில் ஐயமில்லை என்பது டேக்கார்ட்டின் விடை. அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன் சிந்தனையாளர் லிக்டன்பெர்க், ‘சிந்தனை நிகழ்கிறது’ என்று சொல்லத்தான் உரிமை உண்டு, ‘நான்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டார். இந்த இரண்டு மறுப்புகளில் ஒன்றாவது நூலில் இருக்க வேண்டும். டேக்கார்ட்டே 1641இல் தம் ‘தியானங்கள்’ நூலை வெளியிட்டபோது, பிறர் எழுப்பிய மறுப்புகள் ஆறு தொகுதிகளையும் அவற்றுக்குத் தம் விடைகளையும் சேர்த்தே அச்சிட்டார்; மறு ஆண்டு வந்த பதிப்பில் ஏழாவது தொகுதியும் சேர்ந்தது. மூல ஆசிரியரே மறுப்புகளோடு வெளியிட்ட நூலைப் பாடநூல் ஆசிரியர் மறுப்புகளை நீக்கிவிட்டுக் கொடுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

நூல் கவனத்தோடு எழுதப்பட்டதா என்று பார்க்க இரண்டு சிறு சோதனைகளும் உண்டு. மேலே சொன்ன புகழ்பெற்ற வாக்கியம் 1637இல் வந்த ‘முறை பற்றிய சொற்பொழிவு’ நூலில் இருப்பது. ‘தியானங்கள்’ நூலில் அது அந்த வடிவில் இல்லை, ‘நான் இருக்கிறேன், நான் உள்ளேன்’ என்றே இருக்கிறது. இதை மாற்றி எழுதும் நூலை ஐயத்தோடு பாருங்கள். இரண்டாவது, கடவுள் பற்றிய அத்தியாயத்தில் பேலியின் கடிகார வாதமும் (கடிகாரத்துக்கு அதைச் செய்தவர் இருப்பது போல உலகுக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது) அவ்வகை வாதத்துக்கு ஹியூமின் மறுப்பும் எப்படி வருகின்றன என்று பாருங்கள். பேலிக்கு ஹியூம் விடையளித்தார் என்று எழுதியிருந்தால் ஆசிரியர் வேறு ஏதோ பாடநூலைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். ஹியூம் 1776இல் இறந்தார். அந்த மறுப்பு உள்ள அவருடைய ‘உரையாடல்கள்’ நூல் 1779இல் வெளிவந்தது. பேலியின் நூல் வந்தது 1802இல்.

பெயர் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், தாமஸ் நேகல் 1987இல் எழுதிய ‘இதற்கெல்லாம் என்ன பொருள்?’ என்ற சிறு நூலைச் சொல்வேன். ஏறத்தாழ நூறு பக்கம், முன்னுரையோடு சேர்த்துப் பத்து அத்தியாயங்கள். பிற மனங்கள் இருப்பது எப்படித் தெரியும், சொற்களுக்குப் பொருள் எப்படி வருகிறது, நீதி, மரணம் என்று ஒவ்வொன்றும் நேராகச் சிக்கலுக்குள் நுழைந்துவிடும். மெய்யியலாளர் பெயர்கள் அதில் அநேகமாக வருவதே இல்லை. வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது. பயிற்சி வினாக்கள் இல்லாதது ஒரு குறை, அவற்றை நீங்கள்தான் உருவாக்க வேண்டியிருக்கும். ரஸ்ஸல் 1912இல் எழுதிய ‘மெய்யியலின் சிக்கல்கள்’ மேசை ஒன்றின் நிறம் நிற்கும் இடத்துக்கேற்ப மாறித் தெரிவதில் தொடங்குகிறது. முதல் சில அத்தியாயங்களை இந்த வயதினர் தாராளமாகப் படிக்கலாம். பொதுமைகள் (வெண்மை போலப் பல பொருள்களுக்குப் பொதுவான பண்புகள்) பற்றிய நடு அத்தியாயங்களுக்கு வந்தால் வகுப்பு தூங்கிவிடும்.

மறுமொழி: நூலகத்துப் பூனை

ஏரணப்பித்தன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பெயரும் காலமும் இல்லாத நூலை முதல் நூலாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சிக்கல்களை மட்டும் முன்வைத்து நடத்தும் வகுப்பு சில வாரங்களில் கருத்துப் பரிமாற்ற மன்றமாக மாறிவிடும். ஒருவர் ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்பார், மற்றவர் ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்பார், இறுதியில் யாரேனும் ஒருவர் ‘சரி, தவறு எல்லாம் அவரவர் பார்வை’ என்று முடித்துவைப்பார். தாம் சொன்னது இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக அலசப்பட்டு வரும் கருத்து என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தோன்றுவதே அவரவருக்கு உண்மை என்றார் பண்டைக் கிரேக்கச் சிந்தனையாளர் புரோட்டகோரஸ். அப்படியானால் புரோட்டகோரஸ் சொல்வது தவறு என்று கருதுகிறவர்களின் கருத்தும் உண்மையாகிவிடுமே என்று பிளேட்டோவின் ‘தீயடீட்டஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் மடக்குகிறார். அந்த மடக்கு முழுமையானதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு; அதுவே வகுப்புக்கு நல்ல வேலை. தன் எண்ணத்துக்கு ஒரு முன்னோடி இருந்தார், அவருக்கு வலுவான எதிராளி ஒருவரும் இருந்தார் என்று அறியும்போதுதான் மாணவர் தம் எண்ணத்தை வெறும் விருப்பமாக விட்டுவிடாமல் நியாயப்படுத்த வேண்டிய ஒன்றாகக் கருதத் தொடங்குகிறார்.

வரலாற்று வகையில் நைஜல் வார்பர்ட்டனின் ‘மெய்யியலின் சிறு வரலாறு’ (2011) பள்ளிக்கு வசதியானது. சாக்ரடீசில் தொடங்கிப் பீட்டர் சிங்கர் வரை 40 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் வாசித்துவிடும் அளவு சிறியது. வாரம் ஒரு பாடவேளை என்ற உங்கள் கணக்குக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு சரியாக வரும். சுருக்கத்தின் விலையும் அதில் தெரிகிறது: கான்ட் வந்த வேகத்தில் போய்விடுகிறார்.

கதை வகையில் எல்லோரும் சொல்வது யூஸ்டைன் கார்டரின் ‘சோஃபியின் உலகம்’. 1991இல் நார்வே மொழியில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. பள்ளியில் மெய்யியல் கற்பித்த ஆசிரியர் எழுதியது என்பதால் எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார் என்ற பழக்கம் அதில் தெரிகிறது, ‘நீ யார்?’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு தொடங்கும் அதன் முதல் பக்கங்களை விஞ்சிய தொடக்கத்தை நான் வேறு எந்த அறிமுக நூலிலும் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பாடநூலாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெரும்பாலான பக்கங்களில் ஆசிரியர் பேசுகிறார், சோஃபி கேட்கிறாள். கதை எப்படி முடியும் என்ற ஆவலில் மாணவர்கள் வாதங்களைத் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள். கீழைச் சிந்தனைக்கு அதில் கிடைக்கும் இடமும் மிகச் சிறியது. விடுமுறை வாசிப்புக்குக் கொடுங்கள்.

கீழைச் சிந்தனை என்றதும் இன்னொன்று. பல பாடநூல்கள் இந்திய மெய்யியலைக் கடைசி அத்தியாயத்தில் ‘ஆறு தரிசனங்கள்’ என்று பட்டியலிட்டு முடித்துவிடுகின்றன. அத்தகைய அத்தியாயம் இருப்பதைவிட இல்லாதது மேல். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது நியாயம் என்ற இந்திய ஏரண மரபின் வழக்கமான எடுத்துக்காட்டு. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும், உலகத்துப் புகையை எல்லாம் பார்த்துவிட்டீர்களா என்பது காட்சியை, அதாவது புலன்களால் நேரில் அறிவதை, மட்டுமே அளவையாக (அறிவுக்கு வழியாக) ஏற்ற சார்வாகர் என்ற இந்தியச் சிந்தனைப் பிரிவினரின் கேள்வி. இதுவரை கண்ட நிகழ்வுகளிலிருந்து இனிக் காணப்போவதைப் பற்றி முடிவுசெய்ய என்ன நியாயம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஹியூம் கேட்டதும் இதற்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எதிரெதிராக வைத்து, எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று கேட்கும் நூல் கிடைத்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதை வாங்கிவிடுங்கள்.

அப்படிப்பட்ட நூல் கிடைக்காவிட்டால் மணிமேகலையின் 27ஆவது காதையை நீங்களே பாடமாக்கலாம். அளவைவாதி தொடங்கி ஒவ்வொரு சமயக்கணக்கரும் (சமயவாதியும்) தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்க, மணிமேகலை கேட்டுக்கொண்டே செல்கிறாள். காட்சியன்றி வேறு அளவையை ஏற்காத பூதவாதியிடம் வந்ததும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். 15 வயது மாணவர் ஒருவரால் அந்தக் கேள்வியை உடனே பிடித்துக்கொள்ள முடியும். பூதவாதியின் சார்பில் விடை சொல்லவும் முடியும்.

மறுமொழி: பின்வரிசை மாணவன்

பள்ளியில் இந்தப் பாடத்தைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நூலின் உள்ளடக்கத்தைவிட அத்தியாய முடிவில் உள்ள வினாக்களைப் பாருங்கள்.

தறிகெட்டு ஓடும் டிராம் வண்டி நேரே போனால் ஐவர் இறப்பார்கள், வேறு தடத்துக்குத் திருப்பினால் ஒருவர் இறப்பார் என்ற சிக்கல் இப்போது எல்லா நூல்களிலும் வருகிறது. எங்கள் பாடநூலில் ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்பதோடு வினா முடிந்துவிட்டது. வகுப்பில் கை தூக்கச் சொன்னார்கள், எண்ணினார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். பிற்பாடு ஃபிலிப்பா ஃபுட்டின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தபோதுதான் அந்தச் சிக்கல் தனியாக நிற்பதன்று என்று தெரிந்தது. அவர் டிராம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு நீதிபதியை நிறுத்துகிறார்: கலவரக் கும்பல் பலரைக் கொன்றுவிடாமல் தடுக்க, குற்றமற்ற ஒருவருக்கு நீதிபதி மரண தண்டனை விதிக்கலாமா? இரண்டிலும் ஒருவர் இறக்கிறார், பலர் பிழைக்கின்றனர். ஆனாலும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பலாம் என்போரில் பெரும்பாலோர், நீதிபதி அப்படிச் செய்யக் கூடாது என்கின்றனர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே கேள்வி. தீங்கு செய்யாதிருக்கும் கடமை, உதவி செய்யும் கடமை என்ற இரண்டுக்கும் உள்ள வலிமை வேறுபாட்டைக் கொண்டு ஃபுட் விடை தேடினார். அந்த விடை போதாது என்று ஜூடித் தாம்சன் பின்னர் புதிய எடுத்துக்காட்டுகளோடு வந்தார்.

ஆகவே ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்கும் வினாக்களும், நூலில் உள்ள வரியைப் பார்த்து எழுதிவிடக்கூடிய வினாக்களும் நிறைந்த நூல் வேண்டாம். ‘இந்த வாதத்தின் எந்தப் படியை எதிராளி மறுப்பார், எப்படி?’ என்பது போன்ற வினா அத்தியாயத்துக்கு ஒன்று இருந்தாலே போதும்.

மறுமொழி: கணக்கு டீச்சர்

மூவருக்கும் நன்றி. ஹியூம், பேலி ஆண்டுச் சோதனையை என்னிடம் உள்ள நூல்களில் செய்துபார்த்தேன். நல்ல அட்டையோடு இருந்த ஒன்று அதிலேயே விழுந்துவிட்டது.

மேலும் இரண்டு ஐயங்கள். என் வகுப்பில் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், நம்பிக்கையற்ற குடும்பத்தவரும் இருப்பார்கள். கடவுள் பற்றிய அத்தியாயத்தை விட்டுவிடுவதா? மூல நூல்களைப் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மறுமொழி: மாலை விரிவுரை

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல காலமாக இதையே கற்பித்து வருபவன் என்பதால் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன்.

மூல நூல் பள்ளிக்கு ஆகாது என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். பிரான்சில் மேல்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் மெய்யியல் கட்டாயப் பாடம். தேர்வு நான்கு மணி நேரம். கொடுக்கப்பட்ட கேள்வி ஒன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும், அல்லது மெய்யியலாளர் ஒருவரின் நூலிலிருந்து எடுத்த ஒரு பகுதியை விளக்க வேண்டும். இப்போதைய பொதுப்பிரிவுப் பாடத்திட்டத்தில் கலை, மகிழ்ச்சி, கடமை, அரசு, உழைப்பு, உண்மை என்று 17 கருத்துகள் தரப்பட்டிருக்கின்றன. அங்குள்ள பாடநூல்கள் பெரும்பாலும் அக்கருத்துகளின் கீழ் பல காலத்து ஆசிரியர்களின் சிறு பகுதிகளைத் தொகுத்தவையாக இருக்கின்றன. ஏரணப்பித்தனும் நூலகத்துப் பூனையும் எதிரெதிரே நிறுத்திய இரண்டு முறைகளும் அங்கே ஒரே நூலுக்குள் சேர்ந்து நடக்கின்றன: தலைப்பு சிக்கலிலிருந்து வருகிறது, உள்ளடக்கம் வரலாற்றிலிருந்து வருகிறது. அந்த அமைப்பு உங்கள் மாணவர்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பிள்ளைகள் உங்கள் மாணவர்களைவிடச் சற்று மூத்தவர்கள், வாரத்துக்கு அவர்களுக்குக் கிடைக்கும் நேரமும் அதிகம் என்பதை மறந்துவிட்டு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே விளக்க நூல் ஒன்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒரு மூலப் பகுதியைச் சேருங்கள். பிளேட்டோவின் தொடக்கக் கால உரையாடல்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கும். ‘கிரிட்டோ’ மிகச் சிறியது: மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கும் சாக்ரடீசை, தப்பிச் செல்ல எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது, வா என்று நண்பர் அழைக்கிறார், அநீதியான தீர்ப்புக்கும் கீழ்ப்படிய வேண்டுமா என்று இருவரும் வாதிடுகின்றனர். இதைப் புரிந்துகொள்ள முன்னறிவு எதுவும் வேண்டாம். கான்ட், ஹெகல் பகுதிகளைச் சேர்த்திருக்கும் பள்ளித் தொகுப்புகளும் உண்டு. அவற்றில் ஆசிரியரின் பெருமை தெரியுமே தவிர மாணவருக்கு ஒன்றும் தெரியாது.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். உங்களுக்கே இரண்டாம் முறை படித்தால்தான் விளங்குகிறது என்றால், கடினம் கருத்தில் இருக்கிறதா வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்கியத்தில் இருந்தால் அந்த நூலை வைத்துவிடுங்கள். கலைச்சொற்களை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றி எழுதும் நூலும் வேண்டாம்.

இனிக் கடவுள் பற்றிய அத்தியாயம். விடாதீர்கள், விட்டால் அந்தக் கேள்வி வேறு அத்தியாயத்தின் வழியாக வந்து சேரும். ஆனால் கடவுள் இருக்கிறாரா என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் சாக்ரடீஸ் கேட்பது இது: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, அல்லது அது புனிதமானது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இந்தக் கேள்வி ஒரே அளவு கடினமாக இருப்பதால், யாரும் தம் குடும்பத்தைக் காக்கும் நிலையில் நின்று பேச வேண்டிய கட்டாயம் எழாது. அதன் பிறகு கடிகார வாதத்துக்கும், உலகில் துன்பம் ஏன் என்ற கேள்விக்கும் செல்லலாம். இந்த அத்தியாயத்தில் ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எளிதாகத் தெரிகிற நூலை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை, அவர் நிற்பது என் பக்கமாகவே இருந்தாலும். எதிர்த்தரப்பு வாதத்தை அத்தரப்பினரே ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஏற்கும் அளவுக்கு எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் மெய்யியலை முறையாகப் பயிலவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மாணவர் நூலோடு ஆசிரியர் கையேடும் உள்ளதா என்று பாருங்கள். சிறுவர்களுக்கான மெய்யியல் என்ற இயக்கத்தைத் தொடங்கி, 1974இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் அமைத்த மேத்யூ லிப்மன், தம் சிறு வகுப்பறைக் கதைகளுக்குத் தனியாக விரிவான கையேடுகளை உருவாக்கினார். கதையில் ஒரு வரி வந்தால், அதிலிருந்து எழக்கூடிய கேள்விகளையும் பயிற்சிகளையும் கையேடு கொடுக்கும். அவருடைய கதைகள் எனக்கு உவப்பானவை அல்ல, பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், கையேடுகளுக்காக வாங்கலாம்.

மறுமொழி: கணக்கு டீச்சர்

தெளிவாகிவிட்டது, ஐயா. நேகலின் நூலை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பொருத்தமான பகுதியை வார்பர்ட்டனிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பெயரும் காலமும் இல்லை என்ற குறை அதனால் ஓரளவு தீரும். மூலப் பகுதிக்குக் ‘கிரிட்டோ’வும், அனுமானம் பற்றிய வாரத்துக்கு மணிமேகலையும் இருக்கட்டும். முதல் வகுப்புக்கு மட்டும் கணிதத்தை ஒட்டிய ஏதேனும் கிடைத்தால் எனக்குத் தயக்கம் குறையும்.

மறுமொழி: மாலை விரிவுரை

பிளேட்டோவின் ‘மேனோ’வில் இருக்கிறது. வடிவியல் கற்றிராத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ், பக்கம் இரண்டடி உள்ள சதுரத்தின் பரப்பு நான்கு, அதைப் போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் தயங்காமல் நான்கடி என்கிறான், பரப்பு பதினாறாகிவிடுகிறது. மூன்றடி என்று திருத்துகிறான்; ஒன்பது வருகிறது. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு, கேள்விகளின் வழியாகவே மூலைவிட்டத்துக்கு வந்து சேர்கிறான். அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை, ஆகவே அந்த அறிவு அவனுக்குள் முன்பே இருந்தது என்கிறார் சாக்ரடீஸ்.

மாணவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சாக்ரடீஸ் உண்மையில் கற்பிக்கவில்லையா, அல்லது விடையைக் கேள்விக்குள் ஒளித்துவைத்துக் கேட்டாரா? கற்பிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அறிவு முன்பே இருந்தது என்ற முடிவு அதிலிருந்து வருமா? உங்கள் மாணவர்களுக்கு இரண்டின் வர்க்கமூலம் தெரிந்திருக்கும். சிறுவனால் ஏன் எண்ணாகச் சொல்ல முடியவில்லை, கோடாகக் காட்ட மட்டும் முடிந்தது என்று அவர்களே கேட்பார்கள்.

எந்த மொழிபெயர்ப்பானாலும் ஓரத்தில் உள்ள எண்களில் 82 முதல் 85 வரை பாருங்கள். பல பதிப்புகளில் மூலைவிட்டம் போட்ட படம் அந்தப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். படியெடுக்கும்போது அதை மறைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டுவிட்டால் நான்கடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.